இரண்டரை மணிக்காரனுடன் 11 ஆண்டுகள்

தென்காசியிலிருந்து நண்பர் போன் செய்தார். கடைக்குப் புதுக் கணினி வாங்கியிருக்கிறாராம். "அண்ணாச்சி, கணக்கு தினமும் தானாகவே இன்னொரு டிஸ்க்கில் நகலாக வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் நீங்கள் போட்டிருக்கிறீர்களே, அந்தக் கிரான், அதையே போட்டுவிடலாமா?" என்று கேட்டார். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் சிறு மென்பொருள்தான் கிரான். வேறு எந்த மாதம் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் சரி என்றிருப்பேன். அவர் கேட்டது, அதே கல்லிடைக்குறிச்சிக் கணினிக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றிவிட்டு நான் பாளையங்கோட்டை திரும்பிய மறுநாள். போனில் பாதி கத்திவிட்டேன். மீதியை இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

அது ஓர் அப்பள மொத்த வியாபாரக் கடை. லினக்ஸ் (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) போட்ட பழைய கணினி ஒன்று மூலையில் இருக்கிறது. 11 ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 30 2 * * *, அதன் பின்னால் நகலெடுக்கும் கட்டளை. தினமும் இரவு 2:30க்கு வேலை நடக்கும். முதலாளி அதற்கு 'இரண்டரை மணிக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார். "கூலியும் கேட்பதில்லை, காப்பியும் கேட்பதில்லை" என்பார்.

அவர் சொன்னது நிஜம். கிரான் 1970களிலேயே, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் வந்துவிட்டது. இன்று லினக்ஸில் நாம் பெரும்பாலும் பார்ப்பது, 1987இல் பால் விக்ஸி என்ற நிரலாளர் எழுதியதன் வழிவந்தவை. இத்தனை வயதான மென்பொருள் இந்த 11 ஆண்டுகளில் ஒரு முறைகூடப் புதுப்பிக்கச் சொல்லி என்னைத் தொந்தரவு செய்ததில்லை. சந்தா கேட்டதில்லை. கணினி ஓடிக்கொண்டிருந்த எந்த இரவிலும் 2:30 என்றால் 2:30தான்.

கணினி ஓடிக்கொண்டிருந்தால். என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

மின் கட்டணத்தைப் பார்த்த முதலாளி, "ஆள் இல்லாத கடையில் ராத்திரி என்னத்துக்கு ஓட வேண்டும்?" என்று தினமும் கடை சாத்தும்போது கணினியையும் அணைக்கத் தொடங்கியிருக்கிறார். நியாயமான யோசனைதான், என்னிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றப் போகிறது? காலை ஒன்பதரைக்குக் கணினி விழிக்கும். இரவு 2:30க்கு ஒரு வேலை விட்டுப்போனதே என்று கிரான் திரும்பிப் பார்க்காது. செங்கோட்டை பாசஞ்சர் மாதிரி. நீங்கள் பிளாட்பாரத்தில் இல்லை என்றால் அதற்கு நீங்கள் இல்லவே இல்லை. இப்படி 19 இரவுகள். இருபதாம் நாள் ஹார்ட் டிஸ்க் கடக் கடக் என்று சத்தம் போட்டு நின்றது.

விற்பனைக் கணக்கை பில் புத்தகங்களிலிருந்து திரும்ப ஏற்றிவிட்டோம். கூலிக் கணக்குதான் சிக்கல். வீட்டுக்கு மாவு வாங்கிப்போய் அப்பளம் இட்டுத் தரும் பெண்கள், யார் எந்த நாள் எத்தனை கிலோ என்பது கணினியில் மட்டும்தான் இருந்தது. ஓர் அம்மாள் மட்டும் அசரவில்லை. மஞ்சள் பைக்குள் கை விட்டு, நூலில் கோத்த தினசரிக் காலண்டர் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பென்சிலில் அன்றைய எடை. பக்கத்து வீட்டுக்காரருடையதும் சேர்த்து. ராகு காலம், எமகண்டம் அச்சடித்த அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நான் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்தேன். 19 நாட்களில் ஒரு தாளும் விடுபடவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கணினி மூடியிருந்த நாட்களைக் கணக்குப் பார்த்து, திறந்ததும் விட்ட வேலையைச் செய்வதற்கென்றே அனாகிரான் என்று ஒன்று இருக்கிறது. லினக்ஸில் பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமரில் பெர்சிஸ்டன்ட் என்ற ஒரு வரி சேர்த்தால் அதுவும் அதையே செய்யும். இரண்டும் எனக்குத் தெரியும். 'இந்தக் கணினியை யார் அணைக்கப் போகிறார்கள்' என்று விட்டது நான்தான். தெரிந்தே விட்டவனுக்குத்தான் கோபம் அதிகமாக வருகிறது.

இதற்கு முன்னும் ஒரு முறை பட்டிருக்கிறேன். போட்ட முதல் மாதத்தில், நகல் கோப்பின் பெயரில் தேதியைச் சேர்ப்பதற்காக % குறி வரும் கட்டளை ஒன்று எழுதினேன். கையால் ஓட்டினால் அருமையாக ஓடியது. இரவில் மட்டும் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோதுதான் நகல் வைக்கும் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தேன். கிரானின் அட்டவணையில் % என்றால் வரி முறிந்தது என்று அர்த்தம்; முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட வேண்டும். கட்டளை பாதியிலேயே அறுந்திருக்கிறது. இதைச் சொல்லவே இல்லையே என்று திட்டிக்கொண்டே தேடினால், சொல்லியிருக்கிறது! கணினிக்குள்ளேயே இருக்கும் அஞ்சல் பெட்டியில், ஓர் இரவுக்கு ஒரு கடிதம். எல்லாவற்றிலும் ஒரே புகார்: அடைப்புக்குறி மூடவில்லை. 21 கடிதங்கள். திறக்காத வீட்டின் கதவிடுக்கில் தபால்காரர் செருகிவிட்டுப் போவதுபோல.

ஆக, வேலை தவறாக நடந்தால் யாரும் போகாத இடத்தில் எழுதிப் போடும். வேலையே நடக்காவிட்டால் அதுவும் கிடையாது.

பேச வேண்டாத இடத்தில் பேசவும் செய்யும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பாக்கிக்காரர்களுக்கு நினைவூட்டுக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்று, தேதி 1 முதல் 7, கிழமை வெள்ளி என இரண்டையும் குறித்தேன். இரண்டும் பொருந்தினால்தான் ஓடும் என்று நினைப்பது மனித புத்தி. கிரானுக்கு எது பொருந்தினாலும் போதும். முதல் ஏழு நாளும் தினமும் போயிற்று, பிறகு வெள்ளிதோறும். சங்கரன்கோவில்காரர் ஒருவர் போனில் சண்டைக்கு வந்துவிட்டார். அந்த மாதம் பாக்கி என்னவோ நன்றாகவே வசூலானது. திருத்தப் போனபோது முதலாளி, "இப்படியே இருக்கட்டுமே" என்றார்.

அட்டவணையைத் திருத்த, கட்டளையின் பின்னால் ஆங்கில எழுத்து 'இ' தட்ட வேண்டும். மொத்தமாக அழிக்க 'ஆர்'. விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்து. கேள்வி கேட்காமல் அழித்துவிடும். இதைப் பற்றி இன்னும் எழுதினால் கோபம் திரும்பிவிடும்.

தென்காசி நண்பருடையது விண்டோஸ். கிரானின் வேலையைச் செய்ய அதிலேயே டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. அழகில்லை, ஆனால் கிரானுக்கு வராத ஒன்று அதற்கு வரும். தவறவிட்ட வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்று ஒரு கட்டம் உண்டு; அது தானாக டிக் ஆகியிருக்காது, நாம்தான் போட வேண்டும். பேட்டரியில் இல்லாமல் மின் இணைப்பில் ஓடும்போது மட்டுமே தொடங்கு என்ற இன்னொரு கட்டம் தானாகவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வயரால் இணைத்திருந்தால் மேசைக் கணினியையும் பேட்டரியில் ஓடுவதாக அது நினைத்துக்கொள்ளும். கரண்ட் போன நேரத்தில் வேலை தொடங்காது. இந்த இரண்டு கட்டங்களையும் போனிலேயே சொல்லிக் கொடுத்து, "அதிலேயே இருங்கள் தம்பி, கிரான் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

கல்லிடைக்குறிச்சியில் புது டிஸ்க்கில் நான் முதலில் எழுதிய வரி 30 2 * * * தான். கை தானாக அதைத்தான் எழுதியது. அப்புறம் நினைவு வந்து நேரத்தை மாலை 5 மணிக்கு மாற்றினேன், கடையில் ஆள் இருக்கும் நேரமாக. கூடவே ஒன்று சேர்த்தேன்: காலையில் கணினியைத் திறந்ததும், கடைசி நகலின் தேதியையும் அளவையும் பில் பிரிண்டர் ஒரு துண்டுச் சீட்டில் அடித்துத் தள்ளும். முதலாளி அதைப் படித்துவிட்டு பில் குத்தும் கம்பியில் குத்திவைக்கிறார். சீட்டு வராவிட்டால் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

நேற்றுக் காலை போன் வந்தது. சீட்டு வரவில்லையாம். சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குக் கிளம்பி, பாதி வழியில் நிறுத்தி, பிரிண்டர் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். காகிதச் சுருள் தீர்ந்திருந்தது.