கரப்பந்துச் சாமான் வாங்கப்போகிறவர்களுக்கு எச்சரிக்கை: எங்கள் 46,500 ரூபாய் போய்விட்டது

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கரப்பந்து பழக்கச் சாமான் தேடுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். முகநூலில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து, கூரியரில் அனுப்புகிற ஒரு விளையாட்டுச் சாமான் கடை எங்கள் சங்கத்தின் 46,500 ரூபாயை விழுங்கிவிட்டது. கொழுந்தெடுக்கும் தாய்மார் சம்பளத்தன்று ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்த காசு அது.

நாங்கள் ஓடர் பண்ணியது: ஜேர்சியும் காற்சட்டையும் 12 செட் 24,000, பந்து இரண்டு 9,000, நெட் 6,000, முழங்கால் பேட் ஆறு சோடி 7,500.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பந்தைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்து 66 சென்ரிமீற்றர் என்று வீடியோ அனுப்பினார்கள். "அண்ணே, தோட்டத்துப் புள்ளைங்களுக்குத்தானே, லாபம் பாக்காம தாரேன். முழுக்காசையும் போட்டுட்டா நாளைக்கே கூரியர்ல ஏத்திடுவேன்" என்று வொய்ஸ் மெசேஜ். அந்தப் பேச்சை நம்பித்தான் முழுக்காசும் வங்கியில் போடப்பட்டது. வீடியோவில் காட்டிய பந்து வேறு, பெட்டியில் வந்த பந்து வேறு.

கரப்பந்தின் எடை 260 முதல் 280 கிராம் வரை, சுற்றளவு 65 முதல் 67 சென்ரிமீற்றர் வரை. வந்ததைக் கடைத் தராசில் வைத்தால் 325 கிராம். மேல்தோல் வழுக்குகிற ரெக்சின், தையல் நூல் அங்கங்கே பிதுங்கி நிற்கிறது. நம் பக்கத்து மழைக்கும் பனிக்கும் புல் காய்வதே இல்லை. இப்படித் தைத்த பந்து தையல் வழியாகத் தண்ணீரைக் குடித்து இன்னும் கனக்கும். பழகுகிற பிள்ளை இரண்டு முன்னங்கையையும் சேர்த்து அதைத் தட்டி எடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே தோல் சிவந்து தடித்துவிடும். பிறகு பந்து வரும்போதே முழங்கையை மடக்கும், முகத்தைத் திருப்பும். காசு போனால் சேர்க்கலாம். அந்தப் பயம் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. என் கோபமெல்லாம் இதில்தான்.

சொன்னதற்கு வந்த பதில்: "காத்தைக் கொறைச்சுப் பாருங்க." கரப்பந்துக்கு வேண்டிய காற்றழுத்தமே சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோதான். காற்றை இறக்கினால் ரெக்சினின் எடை குறையுமா?

நெட் ஒரு மீற்றர் அகலம் இருக்க வேண்டும், வந்தது முக்கால் மீற்றர். மேலே கம்பிக் கயிறு இல்லை, வெறும் நைலோன் கயிறு. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் தொய்கிறது. ஓரங்கள் நடு உயரத்தைவிட 2 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது என்பது விதி. ஜேர்சியில் இலக்கம் நெஞ்சில் 15, முதுகில் 20 சென்ரிமீற்றர் உயரமாவது வேண்டும் என்று எழுதியே கொடுத்தோம். இரண்டு பக்கமும் 10தான் அடித்திருக்கிறார்கள். முழங்கால் பேட்டைப் பெருவிரலால் அழுத்தினால் மறுபக்கம் விரல் தட்டுப்படுகிறது.

46,500 ரூபாய்க்கு இதுதான் சாமான்! திருப்பி எடுக்கச் சொன்னால் முதலில் "குடோன்ல கேட்டுச் சொல்றேன்". அடுத்து "பாஸ் கொழும்புல இல்லை". அதற்கடுத்து "மொத்த ஓடருக்கு ரிட்டர்ன் கிடையாது". தராசில் பந்து இருக்கிற படத்தை அனுப்பியதும் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்கள். பில் கேட்டு அனுப்பிய மெசேஜுக்கு இன்றுவரை பதில் இல்லை.

எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 200 கிராம் அளவில் வரும் இலேசான பழகு பந்தைக் கேளுங்கள். வெளி மைதானத்துக்குத் தைத்ததை விட்டு ஒட்டிய பந்தாகப் பாருங்கள். முழங்கால் பேட் "எல்லோருக்கும் ஒரே சைஸ்" என்றால் வேண்டாம், சறுக்கிக் கணுக்காலுக்கு வந்துவிடும். உள்ளரங்குச் சப்பாத்தின் தட்டையான றப்பர் அடி ஈரப் புல்லில் வழுக்கும், அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இலக்கம் அடிக்குமுன் ஒரு ஜேர்சியைக் கையில் வாங்கிப் பாருங்கள். முழுக்காசை முன்கூட்டிப் போடாதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். வங்கிச் சிலிப்பையும் வொய்ஸ் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். அதே வீடியோவைப் போட்டு அந்தப் பக்கத்தில் இன்று காலையும் விளம்பரம் ஓடுகிறது.