போர்க்காலத் தொப்பி என்று விற்கப்பட்டது: சேகரிப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில், 1943ஆம் ஆண்டின் ராயல் ஆர்ட்டிலரி (பிரிட்டிஷ் பீரங்கிப் படை) அதிகாரித் தொப்பி என்று கூறி ஒரு வியாபாரி என்னிடம் 160 பவுண்டு பெற்றுக்கொண்டார். பிரிட்டிஷ் இராணுவத் தொப்பிகளைச் சேகரிக்கும் பிறரும் என்னைப் போல் ஏமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் சோதித்தது முகப்புச் சின்னத்தை மட்டுமே. பீரங்கிக்கு மேலுள்ள கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளம் விழாமல் குவிந்திருந்தால் அது மன்னர் காலத்தது. 1952இல் ஆறாம் ஜார்ஜ் மறைந்து எலிசபெத் அரியணை ஏறிய பின் வந்த கிரீடத்தில் அவ்வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும். இதைத் தெரிந்துவைத்திருந்த இறுமாப்பே என்னைக் கவிழ்த்தது. (மூன்றாம் சார்லஸ் குவிந்த வடிவத்தையே மீண்டும் தேர்ந்தெடுத்திருப்பதால் இனி இந்தச் சோதனையும் முன்போல் உதவாது.)

வீட்டில் நிதானமாகப் பார்த்தபோதுதான் தாடைவாரின் இருபுறச் சிறு பொத்தான்களிலும் கிரீடம் தாழ்ந்திருப்பது கண்ணில் பட்டது. சின்னத்தைக் கழற்றினேன்; அதன் அடியில், அதற்குப் பொருந்தாத இடைவெளியில் வேறு இரண்டு பழைய துளைகள் இருந்தன. போருக்குப் பிந்தைய நூல்கள் பல புற ஊதா விளக்கில் ஒளிரும். சலவைத்தூள் பட்ட பழைய துணியும் அப்படி ஒளிரும் என்பதால் அச்சோதனையை மட்டும் நம்பிவிட முடியாது என்றாலும், இதில் துணி இருண்டே கிடக்க, வியர்வைப் பட்டையைத் தைத்த நூல் மட்டும் வெண்ணீலமாகப் பளிச்சிட்டது. சின்னம் அசலாகவே இருக்கலாம். தொப்பி போருக்குப் பிந்தியது.

உள்ளே அரசு உடைமையைக் குறிக்கும் அம்புக்குறி முத்திரையும் 1943 என்ற எண்ணும் இருந்ததைக் கண்டு முதலில் மகிழ்ந்திருந்தேன். அதிகாரிகள் பொதுவாகத் தம் சீருடையைத் தையற்கடைகளில் சொந்தச் செலவில் வாங்கியவர்கள் என்பதால், அந்த முத்திரையே என்னைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதில் "பழைய இராணுவத் தொப்பி" என்று மட்டுமே எழுதியிருப்பதை அவர் அமைதியாகச் சுட்டிக்காட்டினார். ஆண்டையும் படைப்பிரிவையும் எழுதித் தருமாறு வாங்கும்போதே நான் கேட்கவில்லை.

மறுமாதம் அவருடைய மேசையில் இன்னும் மூன்று அதிகாரித் தொப்பிகள் இருந்தன. சின்னங்கள் வெவ்வேறு படைப்பிரிவுகளுடையவை. உள்ளேயிருந்த அம்புக்குறி மட்டும் மூன்றிலும், என்னுடையதில் இருப்பதைப் போலவே, ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.