பி மை ஐஸ்: உட்கார்ந்த இடத்திலிருந்தே தொண்டு

பார்வையற்றவர் அழைத்ததும், அவர் போன் கேமரா காட்டுவதைப் பார்த்துச் சொல்வதுதான் இந்த இலவசச் செயலியில் தன்னார்வலர் வேலை. 2015-இல் வந்தது. மருந்து அட்டையில் காலாவதித் தேதி, சட்டை நிறம் போன்ற சின்னச் சின்ன உதவிகள்.

"இதோ இங்கே" என்றால் பயனில்லை. "போனை ஒரு சாண் பின்னால் இழுங்க, லேசா இடப்பக்கம் திருப்புங்க" என்று சொல்ல வேண்டும். இருட்டாகத் தெரிந்தால் விளக்கைப் போடச் சொல்லுங்கள். மருந்துப் பெயர் மங்கலாக இருந்தால் ஊகித்துச் சொல்லவே கூடாது.

உதவி கேட்பவர்களைவிடத் தன்னார்வலர்கள் பல மடங்கு அதிகம். அழைப்பு பலருக்கும் போய், முதலில் எடுப்பவருக்கே கிடைக்கும். அதனால் வாரக்கணக்கில் உங்கள் போன் அடிக்காமலும் போகலாம். ஆனால் ஒரு அழைப்பு தரும் மனநிறைவு நிஜமானது. நாலு பேரோடு பழக நினைப்பவருக்கு மட்டும் இது போதாது. வாராவாரம் ஒரே குழுவோடு நேரில் செய்யும் பணியே அவர்களுக்குச் சரிப்படும்.