வயசு வித்தியாச லவ் ஸ்டோரி ஒண்ணு, மூணு ஸ்டார் தான்

ஏஜ் கேப் கதைன்னாலே எனக்கு ஒரு வீக்னஸ், அதனால அட்டைப்படம் சுமாரா இருந்தும் இந்த இ-புக்க வாங்கிட்டேன். ஹீரோயினுக்கு 29, ஹீரோவுக்கு 45, அவர் அவளோட அப்பாவுக்கு நெருங்கின ஃப்ரெண்ட். தேஞ்சு போன செட்டப் தான், ஆபீஸ் பாஸ், ப்ரொஃபசர், அப்பாவோட ஃப்ரெண்ட், இந்த மூணுல ஒண்ணு இல்லாம இப்பல்லாம் எழுதவே மாட்டாங்க போல.

ஆனா முதல் பாதி செம. ஸ்லோ பர்ன்னா, அதாவது காதல் மெதுவா பத்திக்கிறதுன்னா இப்படி இருக்கணும், அவர் கண்ணாடிய கழட்டி துடைக்கிறாரு, அவ பேச வந்தத மறந்துட்டு நிக்கிறா, அவ்ளோதான் சீன், வேற ஒண்ணும் நடக்கல, நான் ரெண்டு தடவ படிச்சேன். ஒரு சாப்டர் அவ சொல்றா, அடுத்தது அவர் சொல்றாரு, அதனால அவரோட குற்ற உணர்ச்சி நல்லாவே புரியுது.

கடுப்பானது எங்கன்னா அப்பாவுக்கு விஷயம் தெரியுற இடம். 300 பக்கமா பயமுறுத்திட்டு ரெண்டே பக்கத்துல மனுஷன் சரின்னுட்டாரு! பத்து வருஷம் கழிச்சு உடம்பு, வேலை, குழந்தைன்னு என்ன ஆகும், அதப்பத்தி மூச்சே இல்ல. ஜேன் ஆஸ்டினோட 'எம்மா' நாவல்லயும் இதே 16 வருஷ வித்தியாசம் தான், ஆனா அது 1815, அங்க யாருக்கும் அது ஒரு மேட்டரே இல்ல. இங்க அதான கதையே, அத வச்சுக்கிட்டு நழுவினா எப்படி?

இதோட ஆடியோ புக் மட்டும் வாங்கிடாதீங்க, 45 வயசுக்காரர் 70 வயசு தாத்தா குரல்ல ப்ரொபோஸ் பண்றாரு.