மாசக் கார்ட் எடுத்து நித்திரை கொள்ளப் போனனான், இந்தப் பெடியள் விடேல்ல

முதல்லயே சொல்லிப்போடுறன், இது ஒரு படத்தைப் பற்றின விமர்சனம் இல்லை, மாசம் மாசம் காசு கட்டிற சினிமாக் கார்ட்டையும் அதால நான் கண்ட பிரெஞ்சு இளம் நடிகரையும் பற்றினது. பரிஸ் நகரத்தில பெரிய சினிமாக் கொம்பனியள் இப்பிடிக் கார்ட் குடுக்கினம், மாசம் இருபது யூரோவுக்குக் கொஞ்சம் மேல கட்டினால் எத்தனை படமும் பாக்கலாம். நான் வச்சிருக்கிறது எந்தக் கார்ட் எண்டு எழுதமாட்டன், ஏனெண்டால் கீழ கொஞ்சம் திட்டப்போறன்.

நான் ரெஸ்ரோரண்ட் குசினியில வேலை. இந்த வேலை தெரிஞ்சவைக்கு விளங்கும், மத்தியானச் சேர்விஸ் முடிய மூண்டு மணியாகும், பிறகு ஆறரைக்குத் திருப்பி வந்து நிக்கவேணும், நடுவில வாற கூப்பூர் எண்ட இடைவேளைக்கு வீட்டை போய்வாறதெண்டால் ஆர்.இ.ஆர் ரெயில்லயே நேரம் முடிஞ்சிடும், கஃபேயில ஒரு கோப்பியோட எவ்வளவு நேரம்தான் இருக்கிறது, குளிருக்கை பார்க்கிலயும் இருக்கேலாது. அப்ப கூட வேலை செய்யிற அண்ணை ஒராள் சொன்னார், "தம்பி உந்தக் கார்ட்டை எடு, சூடான இடம், இருட்டு, மெத்தைக் கதிரை, ஒருத்தரும் எழுப்பமாட்டினம்" எண்டு. 2022 நவம்பரில எடுத்தனான். முதல் ரெண்டு கிழமை போட்ட படங்களில ஒண்டின்ர பேரும் தெரியாது, அவ்வளவு நல்ல நித்திரை. அந்த ஒரு விசயத்துக்கு மட்டும் பத்துக்குப் பத்து போடலாம்.

பிறகு ஒருநாள் நித்திரை வரேல்ல. "லு லிசேயன்" எண்டு ஒரு படம், பதினேழு வயசுப் பெடியன், தகப்பன் கார் விபத்தில செத்துப்போறார், பெடியன் கொஞ்ச நாளைக்குப் பரிஸ்ல இருக்கிற தமையனிட்ட வாறான், அவ்வளவுதான் கதை. அந்தப் பெடியன் பேர் போல் கிர்ஷேர். அவன் கமராவைப் பாத்துக் கதைக்கேக்க சொல்ல வந்தது பாதியில நிண்டுபோகும், பிறகு வேற எங்கேயோ போய்த் திரும்பி வரும், தகப்பனைப் பறிகுடுத்த வீட்டில பெடியள் கதைக்கிறது அப்பிடித்தான், நான் அதை நேரில பாத்திருக்கிறன். அழுகிறானெண்டு வடிவா அழேல்ல, முகமெல்லாம் கோணுது. எனக்குப் பிரெஞ்சு அரைகுறை, அவன் சொன்னதில பாதி விளங்கேல்ல, எண்டாலும் கதிரை நுனியில இருந்து பாத்தனான். அண்டைக்குப் பின்னேரச் சேர்விசுக்குக் கண்ணெரிவோடதான் போனனான்.

அதுக்குப் பிறகு அவன்ர படமெண்டால் தேடிப் போறது. அடுத்த வருசம் "லு ரேஞ் அனிமல்" வந்தது, மனிசர் கொஞ்சம் கொஞ்சமா மிருகமாகிற கதை. இதையே அமெரிக்காவில எடுத்திருந்தால் பெடியன் சட்டையைக் கிழிச்சு நெஞ்சைக் காட்டி உறுமியிருப்பான். இவன் என்ன செய்யிறான், கூன் விழுந்தமாதிரி நடக்கிறான், சைக்கிள் ஓடத் தடுமாறுறான், நகத்துக்குக் கீழ ஏதோ முளைக்குது எண்டு ஒளிச்சு ஒளிச்சுப் பாக்கிறான், பருவ வயசில உடம்பு மாறேக்க எல்லாப் பெடியளும் படுற வெக்கம்தான் அது. தகப்பனும் மகனுமா இரவு காட்டு றோட்டில கார் ஓடிக்கொண்டு, பாட்டைப் பெலமாப் போட்டு, மிருகமாகிப் போன தாயைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிடுற இடம் ஒண்டு வரும், அதுக்காகவே இன்னொருக்காப் போனனான், கார்ட் இருக்கிறபடியால் செலவில்லைதானே.

மகளுக்குப் பதினாறு வயசு, பிரெஞ்சு நடிகரோ அமெரிக்க நடிகரோ திறம் எண்டு அவவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. "அப்பா, அமெரிக்காவின்ர ஷலமே ஒராள் போதும், உங்கட ஆக்கள் எல்லாருக்கும்" எண்டுவா. திமோத்தே ஷலமே நல்ல நடிகன்தான், அதில எனக்கு மறுப்பில்லை, ஆனா அவன்ர தகப்பன் பிரெஞ்சுக்காரன், பெடியன் பிரெஞ்சு வடிவாக் கதைப்பான், அப்ப பாதி எங்கட பக்கம் எண்டன். அவ சிரிச்சுப்போட்டு, "நீங்கள் எப்ப பிரெஞ்சுக்காரனானீங்கள்?" எண்டு கேட்டா. அதுக்கு மறுமொழி இல்லை.

என்ர குறை நடிப்பில இல்லை, படத்துக்கு ஆளைத் தெரிவுசெய்யிற விதத்திலதான். அமெரிக்கப் படத்தில பள்ளிக்கூடப் பிள்ளையெண்டு வாறவையைப் பாத்தால் கலியாணம் கட்டிப் பிள்ளை இருக்கிற ஆக்கள் மாதிரி இருப்பினம், 2012இல ஸ்பைடர்மானாப் பள்ளிக்கூடம் போன ஆன்ட்ரூ கார்ஃபீல்டுக்குப் படம் வரேக்க வயசு 28. எல்லாற்ற பல்லும் ஒரே வரிசை, தோலில ஒரு பருவில்லை, நித்திரையால எழும்பேக்கயும் தலைமயிர் சீவினபடி. கிர்ஷேரும் பதினேழு வயசுக்காரனா நடிக்கேக்க இருபதைத் தொட்ட ஆள்தான், அதை நான் மறைக்கேல்ல. ஆனா அவன்ர தோள் இன்னும் சரியா வளந்து முடியாத பெடியன்ர தோள் மாதிரி இருக்கு, ஜிம்முக்கு அனுப்பி ஒருத்தரும் அதைத் திருத்தேல்ல. இன்னொண்டையும் ஒத்துக்கொள்ளவேணும், எனக்கு வசதியான மூண்டரைக் காட்சியில அமெரிக்கப் படங்கள் கனக்க பிரெஞ்சில டப் பண்ணித்தான் ஓடும், ஆரோ ஒராள் குரல் குடுக்க வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம், அப்பிடிப் பாத்துப்போட்டு அவையின்ர நடிப்பைக் குறை சொல்லுறது அவ்வளவு நியாயமில்லைத்தான். கார்ட் எடுக்கிறவை வி.ஓ (டப் பண்ணாத, சொந்தப் பாசை) எண்டு போட்ட காட்சியாப் பாத்துப் போங்கோ.

ரஃபாயேல் கெனார் எண்டு இன்னொராள், கொஞ்சம் வயசு கூட, கெமிஸ்ட்ரி படிச்சுப்போட்டு நடிக்க வந்தவர். "ஷியன் து லா காஸ்" படத்தில கிராமத்துச் சந்தியில வேலைவெட்டி இல்லாமல் நிண்டு கூட்டாளியை நக்கலடிச்சுக்கொண்டே இருக்கிற ஆளா வருவார். உந்த மாதிரி ஆள் எங்கட ஊரில ஒவ்வொரு வாசிகசாலை மதிலிலயும் இருந்தவன். அதுக்கு 2024இல சேசார் எண்ட பிரெஞ்சுச் சினிமா விருது குடுத்தவை, சரியான ஆளுக்குத்தான் குடுத்தவை. நடிகை அடெல் எக்ஸார்ஷோபுலோஸ் 2013இல "லா வீ தடெல்" படத்துக்குக் கான் திரைப்பட விழாவில பாம் தோர் எண்ட பெரிய பரிசு வாங்கேக்க அவவுக்குப் பத்தொன்பது வயசு. அந்தப் படத்தில அவ ஸ்பகெற்றி சாப்பிடுறதைப் பாக்கவேணும், வாயைச் சுத்திச் சோஸ், கத்தியை நக்கிறா, பசிச்ச பிள்ளை வீட்டில சாப்பிடுறமாதிரி. குசினியில வேலை செய்யிறவன் சொல்லுறன், அமெரிக்கப் படத்தில கோப்பையைக் கரண்டியால கிண்டிக்கொண்டிருப்பினமே தவிர ஒருத்தரும் சாப்பிட மாட்டினம்.

ஆனா அதே படம் எடுத்த விதம் சரியான கொடுமை எண்டு ரெண்டு நடிகையளும் பிறகு வெளியில சொன்னவை. 2024 சேசார் மேடையில நடிகை ஜூடித் கொட்ரெஷ் எழும்பி, இந்தச் சினிமாக்காரர் இளம் பெட்டையளுக்குச் செய்ததையும் அதைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருந்ததையும் முகத்துக்கு நேர கேட்டவ. அதைக் கேட்ட பிறகு சில பழைய படங்களை என்னால முந்தி மாதிரிப் பாக்கேலாது. அதோட வாரிசுக் கதை இஞ்சையும் தாராளமா இருக்கு, போல் கிர்ஷேரின்ர தாய் இரேன் ஜாக்கோப், தகப்பனும் நடிகர், தம்பி சாமுவேலும் நடிக்கிறான். எங்கட கோடம்பாக்கத்துக்கு இவை ஒண்டும் குறைவில்லை.

எண்டாலும் ஏன் இவ்வளவு புதுமுகம் வருது எண்டு யோசிச்சால் காசு விசயமும் இருக்கு. நாங்கள் வாங்கிற ஒவ்வொரு ரிக்கெற்றிலயும் 10.72 வீதம் வரி, அது சி.என்.சி எண்ட அரச நிறுவனத்துக்குப் போய் அங்கயிருந்து திருப்பிப் படம் எடுக்கிற ஆக்களுக்கு உதவியா வரும், நீங்கள் ஸ்பைடர்மான் பாத்தாலும் அந்த வரி போகுது. நடிகர் வருசத்தில 507 மணித்தியாலம் வேலை காட்டினால் வேலையில்லாத நாளுக்கும் உதவிப்பணம் வரும். நான் மாசத்துக்கு எத்தனை மணித்தியாலம் நிக்கிறன் எண்டு கணக்குப் பாத்து ஒருநாள் பொறாமைப்பட்டனான், அது வேற கதை.

இப்ப அபூ சங்காரே. இவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினது. ஆபிரிக்காவில கினி நாட்டில பிறந்து பதின்ம வயசில இஞ்ச வந்து, அமியான் எண்ட ஊரில மெக்கானிக் வேலை பழகின பெடியன், முந்தி நடிச்சதே இல்லை. 2024இல வந்த "லிஸ்துவார் து சுலேமான்" படத்தில சைக்கிள்ல சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற ஆள். விசா இல்லாதபடியால் இன்னொருத்தன்ர டெலிவரி எக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓடுறான், இரவு படுக்க இடத்துக்கு 115 எண்ட அவசர நம்பருக்கு அடிக்கிறான், ரெண்டு நாளில ஒவ்ப்ரா எண்ட அகதிக் கந்தோரில இன்ரர்வியூ, அதுக்குக் காசு குடுத்து வாங்கின கேஸ் கதையைப் பாடமாக்கிக்கொண்டு சைக்கிள் ஓடுறான். பரிஸ்ல தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல்ல நிக்கிற எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த வேணுமே? திகதி பிழைச்சால் கேஸ் போச்சு எண்டு நாங்களும் பாடமாக்கினனாங்கள்தான். கடைசியில அந்த இன்ரர்வியூ அறை, ஒரு மேசை, அதிகாரி ரைப் பண்ணிற சத்தம், அவன் பாடமாக்கினதைச் சொல்லிக்கொண்டு போய் ஒரு இடத்தில தடக்குப்படுறான், பிறகு அவன்ர முகத்தில நடக்கிறதைப் பாக்க எனக்குக் கை நடுங்கினது. எந்த நடிப்புப் பள்ளிக்கூடமும் சொல்லிக்குடுக்காது. கானில பரிசு, பிறகு 2025இல சேசார், இவ்வளவுக்கும் கானில பரிசு வாங்கேக்க அவனுக்கே இந்த நாட்டில இருக்க விசா இல்லை, 2025 ஜனவரியிலதான் ஒரு வருச விசா கிடைச்சது.

அண்டைக்குப் பின்னேரம் எங்கட குசினி வாசலில டெலிவரிப் பெடியன் ஒருத்தன் மழைக்க நிண்டவன், ஓடர் ரெடியாக இன்னும் பத்து நிமிசம். வழமையா "வெளியில நில்" எண்டுதான் சொல்லுறனான். உள்ளுக்கு வரச்சொன்னன், செஃப் ஒரு மாதிரிப் பாத்தார்.

சரி, கார்ட்டுக்கு வாறன். நல்லது என்னெண்டால், சின்னத் தியேட்டருகள் கனக்கவும் இதை எடுக்கும், வாசலில ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், கார்த்தியே லத்தன் பக்கம் ரூ ஷம்போலியனுக்குப் போனால் ஒரே ஒழுங்கையில தியேட்டர் தியேட்டரா இருக்கு. புதன்கிழமைதான் புதுப் படம் மாறும், அண்டைக்கு மூண்டு மணிக் காட்சியில கிழவிமாரும் நானும்தான். பார்பேஸ் மெற்றோவுக்கு முன்னால லுக்சோர் எண்டு 1921இல கட்டின தியேட்டர், உள்ளுக்கு எகிப்துக் கோயில் மாதிரி, லாச்சப்பல்ல இருந்து ஒரு ஸ்ரேசன், படம் பிடிக்காட்டிலும் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கலாம், ஆனா கார்ட் செல்லுமோ எண்டு முதல்லயே கேட்டுட்டுப் போங்கோ.

கூடாதது: முதல் வருசம் நிப்பாட்டேலாது, அதைக் கையெழுத்து வைக்கேக்க ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லேல்ல. ஒருக்காத் தமிழ்ப் படத்துக்கு குடும்பமாப் போக, "இது தனி நிகழ்ச்சி, கார்ட் செல்லாது" எண்டு வரிசையில வச்சே திருப்பினவங்கள். கார்ட் துலைஞ்சபோது புதுசுக்கு மூண்டு கிழமை, காசு மட்டும் நாள் தவறாமல் வங்கியால போனது. போன் அடிச்சால் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கலாம்.

எண்டாலும் மாசம் ரெண்டு படம் பாத்தாலே காசு பிடிச்சிடும், நான் எட்டுப் பத்துப் பாக்கிறன், அதில ரெண்டில இப்பவும் நித்திரைதான். அஞ்சுக்கு நாலு. 26 வயசுக்குக் கீழ விலை குறைவு, வாற மாசம் மகளுக்கும் ஒண்டு எடுக்கிறதாக் கதை. அவ முதல் பாக்கப்போறது ஷலமேயின்ர படம்தானாம், வி.ஓவில.