சாலை மழைநீர் கடலில் சேருமுன்: உறிஞ்சுகுழியா, தொட்டியா, கோரைப் படுகையா?

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடும் தண்ணீரைக் குனிந்து பாருங்கள். கறுத்துப்போய், மேலே எண்ணெய்ப் படலம் மினுங்க ஓடும். தேய்ந்த டயரின் துத்தநாகம், பிரேக்கில் உதிர்ந்த செம்பு, ஒழுகிய டீசல் எல்லாம் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து ஒரே நாளில் கிளம்பும். தெற்கே மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை, வடக்கே பாக் விரிகுடாவின் கடல்புல். எந்தப் பக்கம் வடிந்தாலும் சேதம்தான்.

10 மீட்டர் அகலச் சாலை 1 கிலோமீட்டர் ஓடினால் 1 ஹெக்டேர். அதில் 10 மி.மீ. மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர். அழுக்கில் பெரும்பங்கு இந்த முதல் ஓட்டத்திலேயே வந்துவிடும்.

இதற்கு மலிவான வழி உறிஞ்சுகுழி. உள்நாட்டில் சரி, இங்கே வேண்டவே வேண்டாம். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது. உப்புநீருக்கு மேல் மெலிதாகத் தங்கி நிற்கும் மழைநீர் அது. சாலை அழுக்கை அதிலா இறக்குவது?

கான்கிரீட் தொட்டிக்கு இடம் அதிகம் தேவையில்லை. ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு வேறு வழியும் இல்லை. மணலும் எண்ணெயும் அதில் பிடிபடும். கரைந்த உலோகம் நேரே கடலுக்குப் போய்விடும். அள்ளாமல் விட்டால், அடுத்த பெருமழை அடியில் கிடப்பதையும் கிளப்பிக்கொண்டு போகும்.

இடம் இருந்தால் என் ஓட்டு கோரைப் படுகைக்குத்தான், அதாவது செயற்கை ஈரநிலத்துக்கு. முதலில் மண்டி, அதாவது அடியில் படியும் சேறு, தங்க ஒரு சிறு குழி, அப்புறம் செடி வளர்ந்த படுகை. தண்டுகள் ஓட்டத்தை மட்டுப்படுத்த நுண்மண் படியும், உலோகம் சேற்றில் ஒட்டும், வேரடி நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும். நன்றாகப் பராமரித்தால் மண்டியில் 80 சதவீதம் வரை நிற்கும். நீர் வடியும் பரப்பில் 2 முதல் 5 சதவீதம் போதும் என்பது பொதுக் கணக்கு: மேலே சொன்ன ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 12 சென்ட்.

ஆனால் பாடநூலில் உள்ள திறந்த குளம் இங்கே எடுபடாது. மழை மூன்று மாதம்தான். மிச்ச நாளில் வெயிலில் வற்றி உப்புப் பூக்கும், வற்றும்வரை கொசு. அதனால் ஜல்லிப் படுகைதான் சரி. தண்ணீர் கல்லுக்குள்ளேயே ஓடட்டும். கோரை வெயிலில் கருகினாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். நாணல் ஓரளவு உவர்ப்பைத் தாங்கும். அடியில் களிமண் தளம் கட்டாயம். இல்லாவிட்டால் இதுவும் உறிஞ்சுகுழிதான். சீமைக் கருவேலங்கன்று தலைகாட்டினால் உடனே பிடுங்க வேண்டும், வேர் தளத்தைத் துளைத்துவிடும். புயல் மழைக்கு மிகுநீர் தனியே வெளியேற வழி வேண்டும்.

சும்மா கிடக்கிறதே என்று ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணியை மட்டும் இதற்கு வளைக்கக் கூடாது. புறம்போக்கு தேடலாம்.

தொட்டியோ படுகையோ, புரட்டாசிக்குள் மண்டி அள்ள ஆளும் பணமும் ஒதுக்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும். அள்ளியதை வயலிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டக் கூடாது. பிடித்த உலோகமெல்லாம் அதில்தான் இருக்கிறது.