கைபேசியில் இருக்கும் பெயர் தேடலில் வராதபோது

நம்பர் கைபேசியில் இருக்கிறது. போன வாரம்தான் அவரோடு பேசியும் இருக்கிறோம். ஆனால் பெயரை அடித்தால் ஒன்றும் வராது. பட்டியலைக் கையால் தள்ளிக்கொண்டே போனால் ஆள் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இந்தத் தொல்லையோடு சில வருடங்கள் ஓட்டிவிட்டேன். இடையில் கைபேசியும் மாறியது. புதுசு வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூகுள் கணக்கைப் போட்டதும் பழைய பெயர்கள் எல்லாம் இறங்கும், பழைய சிக்கலும் கூடவே இறங்கும்.

நான் நடத்துவது சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகம் என்று வேலை வரும். வாடிக்கையாளர் தன் பெயரை எப்படி அச்சடிக்கச் சொல்கிறாரோ அப்படியே தமிழில் சேமிப்பது பழக்கம். பட்டியலில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெயர்கள்தான். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு, அதனால் சொல்வது எல்லாம் அதற்குத்தான்.

முதலில் சுலபமானவை. ஒருவர் மட்டும் வரவில்லையா, ஒரு கூட்டமே காணவில்லையா என்று பாருங்கள். கூட்டமாகக் காணோம் என்றால் பெரும்பாலும் காட்சி அமைப்புதான் காரணம். காண்டாக்ட் ஆப்பில் எந்தக் கணக்கின் பெயர்களைக் காட்ட வேண்டும் என்று தேர்வு இருக்கும். அது சிம் மட்டும் என்றோ ஒரே மின்னஞ்சல் கணக்கு என்றோ மாறியிருந்தால் மற்றவை மறைந்துபோகும். 'அனைத்தும்' என்று மாற்றினால் திரும்பி வந்துவிடும். அதிலும் வராவிட்டால் அமைப்புகளில் கூகுள் கணக்கின் ஒத்திசைவு தொடர்புகளுக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

சிம்மில் தமிழ்ப் பெயர் சேமிப்பதை அடியோடு விட்டுவிட்டேன். அதில் பெயருக்கு ஒதுக்கிய இடமே குறுகலானது. பாலசுப்பிரமணியன் நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. கணினியும் கைபேசியும் எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகிப் 16 ஆகிவிடும். பாதியில் வெட்டுப்பட்ட பெயரை முழுசாக அடித்துத் தேடினால் எங்கிருந்து வரும்?

அப்புறம் 'கேஷ் அழி, டேட்டா அழி' என்று எல்லோரும் சொல்லும் வைத்தியம். கேஷ் என்பது ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பது, அதை அழிப்பதில் ஆபத்தில்லை, சில சமயம் பலனும் உண்டு. டேட்டாவில் மட்டும் கை வைக்குமுன் யோசியுங்கள். தொடர்புகளின் சேமிப்பகம் என்ற ஆப்பின் டேட்டாவை அழித்தால், எந்தக் கணக்கிலும் சேராமல் கைபேசியில் மட்டும் இருந்த பெயர்கள் போயே போய்விடும். முதலில் பெயர்களை எல்லாம் ஒரு விசிஎஃப் (தொடர்புகளைச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் இருந்தவையானால் பயமில்லை, நீக்கியவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

இதெல்லாம் செய்தும் சில பெயர்கள் மட்டும் பிடிவாதமாக வரமாட்டா. என் பட்டியலில் அவர்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது: கௌரி, கௌசல்யா, சௌந்தரராஜன், ஸ்ரீதர், ஸ்ரீவித்யா. தமிழில் தட்டச்சு செய்கிற யாருக்கும் இந்நேரம் புரிந்திருக்கும். கௌரியை ஔகாரக் குறி போட்டும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்போடு ள எழுத்தைச் சேர்த்துக் கெளரி என்றும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு பெயர்கள். ஸ்ரீ இன்னும் மோசம். 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ என்ற எழுத்து சேர்ந்தது. அதிலிருந்து ஸ் வைத்தும் ஸ்ரீ எழுதலாம், ஶ் வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவத்தில்தான் தெரியும். ஒரு விசைப்பலகையில் சேமித்த பெயரை இன்னொரு விசைப்பலகையில் தேடினால் சிக்கல் வர இதுவே போதும்.

கண்டுபிடிக்க எளிய வழி பின்னழிப்பு விசை. பெயரைத் திருத்தப் போய் அந்த எழுத்தை ஒவ்வொரு தட்டாக அழியுங்கள். கெ என்று மிஞ்சினால் அது ள போட்டது, வெறும் க மிஞ்சினால் சரியான ஔகாரம். ஸ்ரீயில் கடைசியாக நிற்பது 'ஸ்' என்பதா 'ஶ்' என்பதா என்று தெரிந்துவிடும்.

மொத்தமாகத் திருத்தலாமே என்று பெயர்களைக் கணினியில் இறக்கி, கொம்பும் ள-வும் சேர்ந்த இடமெல்லாம் ஔகாரமாக மாற்றச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். வெள்ளைச்சாமியும் வெள்ளையம்மாளும் சேர்ந்து கெட்டுப்போவார்கள். திருத்தியதை மறுபடி ஏற்றினால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழவும் வாய்ப்புண்டு. நான் ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்தினேன். வேலை இல்லாத ஆடி மாதம் அதற்கு உதவியது.

இன்னொன்றும் இருக்கிறது. என் கைபேசித் தேடல் சொல்லின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கிறது. 'வேல்' என்று அடித்தால் வேல்முருகன் வருவார், சக்திவேல் வரமாட்டார். நம் ஊரிலோ பாதிப் பேரை வாலைப் பிடித்துத்தான் கூப்பிடுவோம். மாரிமுத்துவை முத்து என்போம், பாலமுருகனை முருகா என்போம். பெயரைப் பிரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை, அச்சடிக்கும்போது அதைப் பார்த்துத்தானே போடுகிறேன். அதனால் திருத்தும் பக்கத்தில் நிக்நேம் என்றிருக்கும் இடத்தில் கூப்பிடும் பெயரையும், பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் ஒரு முறையும் போட்டுவிடுகிறேன். தேடல் அந்த இடத்தையும் பார்க்கிறது. நிறுவனம் என்ற கட்டத்தில் ஊரோ தொழிலோ எழுதுகிறேன். 'பந்தல்' என்று அடித்தால் பந்தல்காரர்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

தீராமல் நிற்பது டயல் பேடு. அதன் எண்களுக்குக் கீழே இருப்பது ஆங்கில எழுத்து, என் கைபேசியில் தமிழ்ப் பெயர் அதில் சிக்குவதில்லை. அங்கே பெயரைத் தேடுவதையே விட்டுவிட்டேன். பில் புத்தகத்தைப் பார்த்து நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தை அடிக்கிறேன், ஆள் வந்துவிடுகிறார்.